நீண்டகால வாடிக்கையாளர் பணி

நீண்டகால வாடிக்கையாளர் பணி என்பது, ஆலோசனை நிறுவனம் ஒன்றின் ஊழியரோ தனியாக இயங்கும் ஆலோசகரோ ஒரே வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றுவதைக் குறிக்கும். மேலாண்மை ஆலோசனை, தகவல் தொழில்நுட்பச் சேவை, தணிக்கை, பொறியியல் ஆலோசனை ஆகிய துறைகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. இம்முறையில் ஆலோசகர் வாடிக்கையாளரின் தொழிலை ஆழமாக அறிந்துகொள்கிறார். அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பும் கூடுகிறது. அதே வேளை, அவர் சேர்க்கும் அறிவின் ஒரு பகுதி அந்த ஒரு நிறுவனத்துக்கு வெளியே பயன்படுவதில்லை. எனவே ஒரே வாடிக்கையாளரிடம் தங்குவது தொழில் வளர்ச்சிக்கு உதவுமா தடையாகுமா என்பது, தங்கிய ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, அவ்வாண்டுகளில் பணியின் தன்மை மாறியதா என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.

பணியமைப்பு

பொதுவான வேலைவாய்ப்பில் பணிவழங்குநர், பணியாளர் என இரு தரப்பினரே உள்ளனர். ஆலோசனைத் தொழிலில் மூன்று தரப்பினர் உள்ளனர். பணியாளருக்குச் சம்பளம் வழங்குவதும் பதவி உயர்வைத் தீர்மானிப்பதும் ஆலோசனை நிறுவனம். அன்றாட வேலையைச் சொல்வதும் அதன் பயனைப் பெறுவதும் வாடிக்கையாளர். நீண்டகாலம் பணியாற்றும் ஆலோசகர் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் அமர்ந்து, அவர்களுடைய நுழைவு அட்டையையும் மின்னஞ்சல் முகவரியையும் பயன்படுத்தி, அவர்களுடைய விடுமுறை நாட்காட்டியின்படி வாழ்கிறார். ஆனால் அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் வேறோர் இடத்தில், சில வேளைகளில் வேறொரு நாட்டில், இருக்கிறார். வேலையைக் காண்பவர் ஒருவர், வளர்ச்சியைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்னும் இந்த இடைவெளியே கீழே விளக்கப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையாகும்.

ஆலோசனை நிறுவனத்தின் வருவாய், பணியாளர் வேலை செய்யும் நேரத்தை வாடிக்கையாளருக்கு விற்பதன் மூலம் கிடைக்கிறது. பணியாளர் ஒருவரின் மொத்த வேலை நேரத்தில் எவ்வளவு நேரத்துக்குக் கட்டணம் பெறப்பட்டது என்பது பயன்பாட்டு விகிதம் எனப்படும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் வேலை செய்யும் ஒருவரின் 1,600 மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் பெறப்பட்டால் அவருடைய பயன்பாட்டு விகிதம் 80 விழுக்காடு ஆகும். ஒரு பணி முடிந்து அடுத்த பணி கிடைக்கும்வரை காத்திருக்கும் நிலை இந்திய மென்பொருள் துறையில் 'பெஞ்சு' என்று அழைக்கப்படுகிறது. அக்காலத்தில் பணியாளரின் சம்பளம் நிறுவனத்துக்குச் செலவு மட்டுமே.

நீண்டகால வாடிக்கையாளரிடம் இருப்பவரின் பயன்பாட்டு விகிதம் ஏறத்தாழ முழுமையாக இருக்கும். அவருக்காகப் புதிய வாடிக்கையாளரைத் தேடும் செலவும் இல்லை. ஆகவே அவரை அவ்விடத்திலிருந்து அகற்ற நிறுவனத்துக்கு யாதொரு காரணமும் இல்லை. அவரை மாற்ற வாடிக்கையாளரும் விரும்புவதில்லை. இருவருக்கும் வசதியான இந்த ஏற்பாடு பணியாளருக்கும் வசதியானதா என்பதைப் பணியாளர் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

வரலாற்றுப் பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டு ஆர்தர் டி. லிட்டில் நிறுவனமும், 1926ஆம் ஆண்டு மெக்கின்சி நிறுவனமும் தோன்றின. வழக்கறிஞராகப் பயிற்சி பெற்ற மார்வின் பவர், மெக்கின்சி நிறுவனத்தைச் சட்ட நிறுவனங்களின் முன்மாதிரியில் வளர்த்தெடுத்தார். குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த நிலைக்கு உயராதவர் விலக வேண்டும் என்னும் 'உயர்வு அல்லது விலகல்' நடைமுறை இத்தகைய நிறுவனங்களில் வழக்கமானது. இங்கு ஓர் இளம் ஆலோசகர் சில மாதங்களுக்கொரு முறை வெவ்வேறு வாடிக்கையாளர்களிடம் பணியாற்றுவதே பயிற்சி எனக் கருதப்பட்டது.

1973ஆம் ஆண்டு பில் பெயின் தொடங்கிய பெயின் நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. ஒரு தொழில்துறையில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டுமே பணியாற்றுவது, அவருடன் பல ஆண்டுகள் நெருங்கி இருப்பது, அறிக்கை எழுதுவதோடு நில்லாமல் செயற்படுத்துவதிலும் பங்கு கொள்வது என்பன அதன் தொடக்ககாலக் கொள்கைகள். நீண்டகால வாடிக்கையாளர் உறவை ஒரு வணிக முறையாகவே அமைத்த தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

தகவல் தொழில்நுட்பத்தில், ராஸ் பெரோ 1962ஆம் ஆண்டு தொடங்கிய இ.டி.எஸ். நிறுவனம், வாடிக்கையாளர்களின் கணினிப் பிரிவுகளையே பல்லாண்டு ஒப்பந்தத்தில் ஏற்று நடத்தும் முறையைப் பரப்பியது. இந்தியாவில் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாட்டா கன்சல்டன்சி சர்வீசசின் பெயரிலேயே ஆலோசனை என்னும் பொருள் இருப்பதைக் காணலாம். காக்னிசன்ட் நிறுவனம் 1994ஆம் ஆண்டு சென்னையில், டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் உள் தொழில்நுட்பப் பிரிவாகத் தொடங்கப்பட்டது. 1996ஆம் ஆண்டில்தான் அது வெளி வாடிக்கையாளர்களுக்குப் பணியாற்றத் தொடங்கியது. தாய் நிறுவனம் ஒன்றையே வாடிக்கையாளராகக் கொண்டு பிறந்த நிறுவனம், பின்னர் வாடிக்கையாளர்களைப் பெருக்கிக்கொண்டு வளர்ந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

2000ஆம் ஆண்டுச் சிக்கல் எனப்பட்ட கணினித் தேதிக் குறைபாட்டைச் சரிசெய்யும் வேலை, இந்திய நிறுவனங்களுக்குப் பல மேலைநாட்டு வாடிக்கையாளர்களைப் பெற்றுத் தந்தது. அவ்வேலை முடிந்த பின்னரும் அதே மென்பொருள்களைப் பராமரிக்கும் பணி தொடர்ந்தது. ஒரே வாடிக்கையாளரிடம் நீண்டகாலம் தங்கும் பொறியாளர் தலைமுறை இவ்வாறு உருவாயிற்று.

அறிவின் அடுக்குகள்

பொருளியலாளர் கேரி பெக்கர், 1964ஆம் ஆண்டு வெளியான தமது மனித மூலதனம் பற்றிய நூலில், பயிற்சியை இருவகையாகப் பகுத்தார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பயிற்சி பொதுப் பயிற்சி. அதை வழங்கிய நிறுவனத்தில் மட்டும் பயன்படுவது சிறப்புப் பயிற்சி. பொதுப் பயிற்சி பெற்றவருக்கு வெளிச்சந்தையிலும் உயர்ந்த ஊதியம் கிடைக்கும். சிறப்புப் பயிற்சி பெற்றவருக்கு அப்பயிற்சிக்கான விலையைக் கொடுக்கக்கூடியவர் ஒருவர் மட்டுமே.

ஆலோசகர் ஒருவரின் அறிவை இதன் வழியில் மூன்று அடுக்குகளாக நோக்கலாம். வங்கியொன்றின் கணினி அமைப்பைப் பராமரிக்கும் பொறியாளரை எடுத்துக்கொள்வோம்.

1. தொழில்நுட்ப அறிவு: நிரல்மொழி, தரவுத்தளம், சோதனை முறைகள் முதலியன. எந்தத் துறையிலும் இது பயன்படும். ஆனால் தொழில்நுட்பம் மாறும்போது பழையதாகிவிடும்.
2. துறை அறிவு: நாள் முடிவில் கணக்குகளுக்கு வட்டி கணித்த பின்னரே பொதுப் பேரேட்டில் பதிய வேண்டும் என்பதும், அதன் காரணமும். வேறு எந்த வங்கிக்குச் சென்றாலும் இது பயன்படும். மெதுவாகவே பழையதாகும்.
3. இட அறிவு: குறிப்பிட்ட ஒரு கிளையிலிருந்து வரும் கோப்பு மாதக் கடைசியில் தாமதமாகும் என்பதும், அப்போது யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதும். அந்த வங்கிக்கு வெளியே இதற்கு மதிப்பில்லை.

வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஒருவருக்கு மிகுந்த மதிப்பைத் தருவது மூன்றாம் அடுக்கு என்பதே இங்குள்ள முரண். நள்ளிரவில் அமைப்பு நின்றுபோனால் அழைக்கப்படுபவர் அவர்தாம். தாம் இன்றியமையாதவர் என்ற உணர்வும் அவருக்கு ஏற்படுகிறது. அது உண்மையும் கூட. எனினும் அந்த இன்றியமையாமை அந்தக் கட்டடத்தின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. மூன்றாம் அடுக்கில் கற்றதை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்துவது, அதாவது 'இங்கே இப்படித்தான்' என்பதிலிருந்து 'ஏன் இப்படி, வேறிடங்களில் எப்படி' என்னும் வினாவுக்கு நகர்வது, நீண்டகாலப் பணியைத் தொழில் வளர்ச்சியாக மாற்றும் முதன்மை வழியாகும்.

ஆய்வு முடிவுகள்

இப்பொருளுடன் தொடர்புடைய ஆய்வுகள் பல துறைகளில் நடத்தப்பட்டுள்ளன.

ராபர்ட் ஹக்மன், கேரி பிசானோ ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் இதய அறுவை மருத்துவர்களைப் பற்றியது. ஒரு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை கூடும்போது அம்மருத்துவமனையில் அவருடைய நோயாளிகளின் நிலை மேம்பட்டது. அவர் வேறு மருத்துவமனைகளில் செய்த அறுவைகள் அத்தகைய பயனைத் தரவில்லை. மிக உயர்ந்த தனித்திறன் எனக் கருதப்படுவதிலும் இடமும் உடன்பணியாற்றும் குழுவும் கலந்துள்ளன என்பதை இது காட்டியது.

போரிஸ் கிராய்ஸ்பர்க், ஐக்கிய அமெரிக்காவின் முதலீட்டு வங்கிகளில் பணியாற்றிய முன்னணிப் பங்கு ஆய்வாளர்களை ஆராய்ந்தார். நிறுவனம் மாறியவர்களின் செயல்திறன் பொதுவாகக் குறைந்தது. தம் குழுவினரோடு சேர்ந்து மாறியவர்களுக்கு இக்குறைவு அவ்வளவாக இல்லை. பெண் ஆய்வாளர்கள் ஆண்களைவிடச் சிறப்பாகப் புதிய இடத்தில் நிலைபெற்றனர். நிறுவனத்தினுள் இருந்த தொடர்புகளைவிட வெளியே இருந்த வாடிக்கையாளர் தொடர்புகளை அவர்கள் அடித்தளமாகக் கொண்டிருந்தது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. எடுத்துச் செல்லத்தக்க திறனைத் திட்டமிட்டே வளர்க்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

ஹக்மன், பிராட்லி ஸ்டாட்ஸ், டேவிட் அப்டன் ஆகியோர் விப்ரோ நிறுவனத்தின் மென்பொருள் திட்டங்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். முன்னரே ஒன்றாகப் பணியாற்றிய உறுப்பினர்களைக் கொண்ட குழுக்கள் சிறப்பாகச் செயற்பட்டன. ஒருவர் நிறுவனத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதைவிட, தாம் வகிக்கும் பொறுப்பில் எவ்வளவு அனுபவம் பெற்றிருந்தார் என்பது குழுவின் செயல்திறனோடு தெளிவான தொடர்பு கொண்டிருந்தது.

ஸ்டாட்ஸ், பிரான்செஸ்கா ஜினோ ஆகியோர் ஜப்பானிய வங்கியொன்றில் நடத்திய ஆய்வு 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரே நாளுக்குள் பார்த்தால், ஒரே வகை வேலையைத் திரும்பச் செய்தவர்களே விரைவாகச் செய்தனர். பல நாட்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பல்வகை வேலைகளைச் செய்தவர்கள் முன்னேறியிருந்தனர். குறுகிய காலத்தில் திரும்பச் செய்தலும் நெடுங்காலத்தில் வேறுபாடும் பயன் தருகின்றன என்பது இதன் சாரம்.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஓரிடத்தில் நிலைத்திருப்பது உண்மையான திறனை வளர்க்கிறது; ஆனால் பணியில் வேறுபாடு இல்லாத நிலைத்தல் நாளடைவில் பயனிழக்கிறது என்னும் முடிவு கிடைக்கிறது.

வளர்ச்சிப் படிநிலைகள்

தொழில்முறைச் சேவை நிறுவனங்களைப் பற்றி 1993ஆம் ஆண்டு நூலெழுதிய டேவிட் மைஸ்டர், இந்நிறுவனங்களில் மூவகைப் பணிகள் இருப்பதை விளக்கியுள்ளார். வாடிக்கையாளரைத் தேடிப் பெறுவோர், பணியை மேற்பார்த்து வாடிக்கையாளரைப் பேணுவோர், வேலையைச் செய்து முடிப்போர் என அவற்றைக் கூறலாம். மேல்நிலைப் பதவிகள் பெரும்பாலும் முதல்வகையினருக்கே உரியன.

நீண்டகால வாடிக்கையாளரிடம் பணியாற்றுபவர் மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு எளிதாக உயர்கிறார். முதல்வகைக்கு உயர்வது கடினம். தேட வேண்டிய வாடிக்கையாளர் ஏற்கனவே கிடைத்துவிட்டவர் என்பதே காரணம். இத்தடையைக் கடக்கும் வழி, அதே வாடிக்கையாளரின் வேறு பிரிவுகளில் தேவைகளைக் கண்டறிந்து புதிய பணிகளைப் பெற்றுத் தருவதாகும். பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒருவர், அதே வங்கியின் கடன் பிரிவு படும் சிரமத்தைக் கவனித்து அதற்கொரு தீர்வை முன்மொழிந்தால், அவர் செய்வது தேடிப் பெறும் பணியே. உள்ளே பல ஆண்டுகள் இருந்தவருக்கு இதில் புதியவரைவிட வாய்ப்பு மிகுதி.

நன்மைகள்

- வாடிக்கையாளரின் நம்பிக்கை. புதியவரிடம் கேட்கப்படாத வினாக்கள் பழகியவரிடம் கேட்கப்படுகின்றன. என்ன செய்வது என்பதோடு, செய்வதா வேண்டாமா என்பதும் அவரிடம் கலந்துரையாடப்படுகிறது.
- தம் முடிவுகளின் விளைவைக் காணும் வாய்ப்பு. ஆறு மாதங்களில் விலகுபவர் தாம் வடிவமைத்த அமைப்பு ஐந்தாம் ஆண்டில் எவ்வாறு பழுதாகிறது என்பதை அறிவதில்லை. தங்குபவர் தம் பிழைகளிலிருந்து கற்கிறார்.
- துறை அறிவின் ஆழம்.
- நிலையான வருவாயும் இருப்பிடமும். பிள்ளைகளின் கல்வி, முதிய பெற்றோரின் பராமரிப்பு போன்ற பொறுப்புகள் உள்ளவர்களுக்கு இது இன்றியமையாதது. இதனை ஊக்கமின்மை எனக் கொள்வது தவறு.

இடர்கள்

- திறன் தேக்கம். ஒருவருக்கு இருப்பது பத்தாண்டு அனுபவமா, பத்து முறை திரும்பச் செய்த ஓராண்டு அனுபவமா என்னும் வினா இத்துறையில் அடிக்கடி எழுப்பப்படுகிறது.
- கண்ணில் படாமை. தம் நிறுவனத்தில் இவரை அறிந்த மேலாளர்கள் விலகிய பின், பதவி உயர்வுக் குழுவில் இவருக்காகப் பேச ஒருவரும் இருப்பதில்லை.
- ஊதிய வரம்பு. பல்லாண்டு ஒப்பந்தங்களில் ஒவ்வொரு நிலைக்கும் உரிய கட்டணம் முன்னரே உறுதி செய்யப்படுகிறது. கட்டணம் உயராதபோது சம்பளமும் எளிதில் உயர்வதில்லை.
- விடுவிக்கப்படாமை. ஒருவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற நிலை ஏற்பட்டால், அவர் வேறு பொறுப்புக்கு மாற வாடிக்கையாளர் இசைவதில்லை. இன்றியமையாமையே தடையாகிறது.
- நடுநிலை இழத்தல். ஒப்பந்தப் புதுப்பிப்பு வாடிக்கையாளரின் விருப்பத்தைச் சார்ந்திருப்பதால், 'இது தவறு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆலோசகர் தயங்கக்கூடும்.
- திடீர் முடிவு. வாடிக்கையாளர் விற்கப்படலாம், நலிவடையலாம், அல்லது கொள்கையை மாற்றலாம். இவற்றில் ஆலோசகருக்கு எவ்விதப் பங்கும் இல்லை.

எடுத்துக்காட்டு நிகழ்வுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் - இ.டி.எஸ்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டு இ.டி.எஸ். நிறுவனத்தை ஏறத்தாழ 250 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் கணினிப் பிரிவுகளில் இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இ.டி.எஸ். ஊழியர்களாயினர். 1996ஆம் ஆண்டு இ.டி.எஸ். மீண்டும் தனி நிறுவனமானது; எனினும் ஜெனரல் மோட்டார்சுக்கு நீண்டகால ஒப்பந்தத்தின்கீழ்ப் பணியாற்றியது. 2008ஆம் ஆண்டு இ.டி.எஸ். நிறுவனத்தை எச்.பி. வாங்கியது. 2012ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் கொள்கையைத் தலைகீழாக மாற்றியது. அதுவரை ஏறத்தாழ 90 விழுக்காடு வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த தகவல் தொழில்நுட்பப் பணிகளில் அதே அளவை நிறுவனத்துக்குள் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. தனக்குப் பணியாற்றிவந்த எச்.பி. ஊழியர்கள் ஏறத்தாழ 3,000 பேரைத் தானே பணியமர்த்தப்போவதாக அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தது.

இக்காலம் முழுவதும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே அமைப்பைப் பேணிய ஒருவரின் சம்பளச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் மூன்று முறை மாறியிருக்கக்கூடும். வாடிக்கையாளரைப் பற்றிய அறிவுக்கு வாடிக்கையாளரிடமே விலை உண்டு என்பதையும், அவ்விலை எப்போது கொடுக்கப்படும் என்பது பணியாளரின் கையில் இல்லை என்பதையும் இந்நிகழ்வு ஒருங்கே காட்டுகிறது.

என்ரான் - ஆர்தர் ஆண்டர்சன்

ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம், என்ரான் 1985ஆம் ஆண்டு உருவானது முதலே அதன் தணிக்கையாளராக இருந்தது. 2000ஆம் ஆண்டில் மட்டும் அது என்ரானிடமிருந்து ஏறத்தாழ 5.2 கோடி டாலர் பெற்றது. இதில் பாதிக்கு மேற்பட்ட தொகை தணிக்கை சாராத பணிகளுக்கானது. ஆண்டர்சன் ஊழியர்கள் என்ரானின் ஹூஸ்டன் அலுவலகத்திலேயே நிலையாக அமர்ந்து பணியாற்றினர். பலர் பின்னர் என்ரானிலேயே வேலைக்குச் சேர்ந்தனர். 2001ஆம் ஆண்டு திசம்பரில் என்ரான் திவாலானது. ஆவணங்களை அழித்ததன் மூலம் விசாரணையைத் தடுத்ததாக 2002ஆம் ஆண்டு ஆண்டர்சன் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85,000 ஊழியர்களைக் கொண்டிருந்த அந்நிறுவனம் கலைந்துவிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் என்ரான் பணியில் ஈடுபடாதவர்கள்.

மைக்ரோசாப்ட் ஒப்பந்தப் பணியாளர் வழக்கு

மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றியவர்கள், தாங்கள் நடைமுறையில் நிரந்தர ஊழியர்களே என்றும், ஊழியர்களுக்குரிய பங்குக் கொள்முதல் திட்டம் முதலிய பயன்கள் தங்களுக்கும் உரியன என்றும் 1992ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தனர். 2000ஆம் ஆண்டு 9.7 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இதன் தொடர்ச்சியாக ஒப்பந்தப் பணியாளர்களின் தொடர் பணிக்காலத்துக்கு அந்நிறுவனம் வரம்பு விதித்தது. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கட்டாய இடைவெளி வேண்டும் என்றாக்கியது. பணியாளர்களின் உரிமையைக் காக்க நடந்த வழக்கு, நீண்டகாலம் தங்கும் வாய்ப்பையே சுருக்கியது என்பது கவனிக்கத்தக்கது.

சட்ட நிலை

தணிக்கைத் துறையில் நீண்டகால உறவுக்குச் சட்டமே எல்லை வகுத்துள்ளது. என்ரான் வீழ்ச்சியின் பின் இயற்றப்பட்ட 2002ஆம் ஆண்டின் சர்பேன்ஸ்-ஆக்சிலி சட்டத்தின்படி, ஐக்கிய அமெரிக்காவில் முதன்மைத் தணிக்கைப் பங்குதாரர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஒரே நிறுவனத்தைத் தணிக்கை செய்ய இயலாது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 139ஆம் பிரிவின்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட சில வகை நிறுவனங்களிலும் தனியாள் தணிக்கையாளர் ஐந்து ஆண்டுகளும், தணிக்கை நிறுவனம் இரண்டு ஐந்தாண்டுக் காலங்களும் தொடரலாம். அதன்பின் ஐந்தாண்டு இடைவெளி தேவை. மேலாண்மை ஆலோசனை, மென்பொருள் சேவை ஆகியவற்றுக்கு இத்தகைய பொது வரம்பு இல்லை.

ஐக்கிய இராச்சியத்தில், தம் சொந்த நிறுவனத்தின் வழியாக ஒரே வாடிக்கையாளரிடம் பணியாற்றுபவர் உண்மையில் ஊழியரே எனக் கருதத்தக்கவராயின் அதற்கேற்ப வரி செலுத்த வேண்டும் என்னும் ஐ.ஆர்.35 விதி 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இதனைத் தீர்மானிக்கும் பொறுப்பு, 2017ஆம் ஆண்டு பொதுத்துறையிலும் 2021ஆம் ஆண்டு தனியார் துறையின் பெரிய, நடுத்தர நிறுவனங்களிலும் வாடிக்கையாளருக்கு மாற்றப்பட்டது. வேலையை எவ்வாறு செய்வது என்பதில் வாடிக்கையாளருக்கு எவ்வளவு கட்டுப்பாடு உள்ளது, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப ஆலோசகருக்கு உரிமை உள்ளதா என்பன முக்கிய அளவைகளாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணியாற்றும் இந்தியப் பொறியாளர்களுக்கு இது வேறொரு வடிவில் எழுகிறது. இவ்விசாவின் பொது வரம்பு ஆறு ஆண்டுகள். நிரந்தர வதிவுரிமைக்கான விண்ணப்பம் உரிய கட்டத்தில் இருந்தால், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு மேலும் நீட்டிக்கலாம். பணிவழங்குநரை மாற்றினால் அவ்விண்ணப்பத்தின் சில கட்டங்களை மீண்டும் தொடங்க வேண்டிவரலாம். 2015ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஒரு நிருவாகத் தீர்ப்புக்குப் பின், பணியிடம் வேறு பெருநகர்ப் பகுதிக்கு மாறினாலே திருத்திய விண்ணப்பம் தேவைப்படுகிறது. இதனால் ஒரே வாடிக்கையாளரிடம் தங்குவது பலருக்குத் தொழில் முடிவாக இல்லாமல் குடியேற்ற முடிவாக உள்ளது.

வாடிக்கையாளரிடமே நேரடியாக வேலைக்குச் சேர்வதைத் தடுக்கும் பிரிவுகள் ஒப்பந்தங்களில் இடம்பெறுவது வழக்கம். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. எனினும் ஆலோசனை நிறுவனமும் வாடிக்கையாளரும் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு காரணமாக வாடிக்கையாளரே வேலை தர மறுக்கும் நிலை ஏற்படலாம்.

தங்குதலும் விலகுதலும்: மதிப்பிடும் முறை

ஒருவர் தம் நிலையை மதிப்பிடுவதற்குக் கீழ்க்காணும் வினாக்கள் உதவும்.

1. கடந்த பன்னிரண்டு மாதங்களில் இதற்கு முன் செய்யாத எதையேனும் செய்தோமா?
2. இரண்டு வாரம் விடுப்பில் சென்றால் வேலை நடக்குமா? நடக்காதெனில் அது திறமையின் அடையாளம் மட்டுமன்று, எச்சரிக்கையும் ஆகும்.
3. தம் நிறுவனத்தில் பதவி உயர்வைத் தீர்மானிப்போருள் எத்தனை பேருக்குத் தம் பணி தெரியும்?
4. இவ்வாடிக்கையாளரின் பெயரைக் குறிப்பிடாமல் தம் பணியை வெளியார் ஒருவருக்கு விளக்கிப் பயனுள்ளதென ஏற்கச் செய்ய இயலுமா?
5. ஒப்பந்தம் முடியும் நாள் எது? அதன்பின் எத்தனை மாதங்களுக்கான செலவுக்குச் சேமிப்பு உள்ளது?

முதல் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்கும்வரை, தங்கும் ஆண்டுகள் வீணாவதில்லை. இவ்விரண்டுக்கும் 'இல்லை' என்பதே விடையெனில், வாடிக்கையாளரை மாற்றுவதற்கு முன் அதே இடத்தில் பணியை மாற்ற முயல்வது நல்லது. பராமரிப்பிலிருந்து புதிய உருவாக்கத்துக்கும், ஒரு பிரிவிலிருந்து வேறொரு பிரிவுக்கும், செய்வதிலிருந்து பிறரைப் பயிற்றுவிப்பதற்கும் நகர்வது இதன் வழிகள். தமக்கு மட்டுமே தெரிந்ததை ஆவணப்படுத்திப் பிறருக்கு ஒப்படைப்பது முதற்படியாகும். ஒப்படைத்தால் தம் தேவை குறைந்துவிடும் என்னும் அச்சம் இயல்பானதே. ஆனால் ஒப்படைக்க இயலாதவர் அடுத்த பொறுப்புக்கு விடுவிக்கப்படுவதும் இல்லை.

தனியாக இயங்கும் ஆலோசகருக்கு ஐந்தாம் வினா முதன்மையானது. அவருடைய வருவாய் முழுவதும் ஒருவரிடமிருந்தே வரும்போது, பெஞ்சுக் காலத்துக்கான செலவை ஏற்க நிறுவனம் எதுவும் இல்லை. ஆண்டில் சில நாட்களையாவது இரண்டாம் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒதுக்குவது வருவாய் இடரைக் குறைக்கும். தம் அறிவில் எடுத்துச் செல்லத்தக்கது எவ்வளவு என்பதையும் காட்டித் தரும்.

இவற்றையும் பார்க்கவும்

- மனித மூலதனம்
- மேலாண்மை ஆலோசனை
- அயல்பணி ஒப்படைப்பு
- தணிக்கை
- மென்பொருள் பராமரிப்பு
- என்ரான்